காலிச் சாலை என்று ஒன்று கிடையாது

கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால், ராமநாதபுரமோ தூத்துக்குடியோ மதுரையோ, பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் டிராக் டே நடத்த இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் எதற்கு ஓட வேண்டும்? ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி, அங்கிருந்து வேம்பார் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) நீண்டு கிடக்கிறது. மாரியூர் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஈ காக்கை இருக்காது. இரண்டு முனையிலும் நம் ஆட்களை நிறுத்தி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

இதைச் சொல்கிறவர்கள் குடித்துவிட்டு வண்டி எடுக்கிறவர்கள் இல்லை. சொந்தக் காசில் நல்ல டயர் போடுகிறவர்கள், ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றுகிறவர்கள், சீட் பெல்ட் போடாதவனைப் பக்கத்தில் உட்காரவிடாதவர்கள். அவர்கள் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. வண்டியின் முழு வேகத்தையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை குற்றமில்லை. அதற்கு முறையான இடம் தென்கோடியில் இல்லை. பெயர்பெற்ற இரண்டு பந்தயத் தடங்களில் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் இந்தக் கரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கு அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை 500 கிலோமீட்டருக்கும் மேல். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், தங்கும் செலவு என்று கணக்குப் போட்டால் மாதச் சம்பளக்காரனுக்குக் கட்டாது. ஆகவே ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும், கட்டுப்பாட்டோடு சாலையில் ஓட்டுவதுதான் பொறுப்பான வழி என்கிறார்கள்.

இந்த வாதம் அடிமுதல் நுனிவரை தவறு. நானும் வேகத்தை விரும்புகிறவன்தான். அந்த விருப்பம் நிலைக்க வேண்டும் என்பதால்தான் இதை மறுக்கிறேன்.

1. ஐந்து மணிக்கு ஆளில்லை என்று யார் சொன்னது? வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் இடையே தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கின்றன. 1974-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் அது. உப்பு வாருவது வெயிலோடு செய்யும் வேலை இல்லை, வெயிலுக்கு முந்திச் செய்யும் வேலை. பாத்தியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணை எரிக்கும், தரை காலைச் சுடும். அதனால் இருட்டோடு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பாதிப் பேர் பெண்கள், நடந்தோ சைக்கிளிலோ, பின்விளக்கு எதுவும் இல்லாமல். சாயல்குடி, நரிப்பையூர் வட்டாரம் பனங்காடு. பதநீர்க் காலத்தில் பனையேறி பொழுது புலருமுன் முதல் மரத்தில் இருக்க வேண்டும்; பாளை அவனுக்காகக் காத்திருக்காது. கடலுக்குப் போன வள்ளங்கள் கரை பிடிக்கும் நேரமும் அதுதான். ஏலத்தில் எடுத்த மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் வைத்து ஓடும் வியாபாரி, மீன் கெடுமுன் சந்தை சேர வேண்டியவர். அமாவாசை நாளாக இருந்தால் மாரியூர்க் கடலில் குளித்துப் பூவேந்தியநாதரைக் கும்பிட வருகிறவர்கள் வேறு. இதற்கெல்லாம் மேல், பகல் சூடு மிச்சமிருக்கும் தாரில் வந்து படுக்கும் மாடுகள், சீமைக்கருவேலத்துக்குள்ளிருந்து திடீரென்று சாலைக்கு இறங்கும் ஆடுகள்.

நகரத்துக்காரன் தூங்கும் நேரத்தை ஊரே தூங்கும் நேரம் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. இந்தக் கரையின் உழைப்பு நாள் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் மாரியூர்ச் சாலையில் நின்று பாருங்கள், ஒருவேளை காலியாக இருக்கும். விடியற்காலையில் இருக்காது. காரில் போகிறவன் கண்ணுக்கு இவர்கள் தெரியாததற்குக் காரணம், அவர்களிடம் விளக்கு இல்லை என்பது மட்டும்தான்.

தேசக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825, இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897. சாவுகளில் பத்தில் ஏழுக்குக் காரணம் அதிவேகம். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். காருக்குள் ஏர்பேக்குக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன் "ஆபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வதில் பொருளில்லை. அந்த ஆபத்தைச் சுமப்பது வேறொருவர். அவரை யாரும் கேட்கவில்லை.

2. பிரேக் நன்றாக இருந்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கில் விழ ஒன்றரை நொடி என்று வைத்தால் 42 மீட்டர் போயிருக்கும். பிறகு நல்ல காய்ந்த தாரில் வண்டி நிற்க இன்னொரு 56 மீட்டர். மொத்தம் 100 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது 160 கிலோமீட்டருக்கு வாருங்கள். கால் பிரேக்கைத் தொடுமுன்னே 67 மீட்டர், நிற்க 144 மீட்டர், மொத்தம் 210 மீட்டருக்கு மேல். வேகம் அறுபது சதவீதம் கூடியது. நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் வளர்வதால் வரும் விளைவு இது. எந்தக் கம்பெனியின் பிரேக்கும் இதை மாற்றாது.

இதில் கடற்கரையைச் சேருங்கள். காற்று வாரிப் போட்ட மணல் தார்மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். விடியற்காலைப் பனியில் அது ஈரமாகவும் இருக்கும். பிடிப்பு பாதியாகக் குறைந்தால் பிரேக் தூரம் இரட்டிக்கும். அப்போது 160-இல் வரும் வண்டி நிற்க 350 மீட்டருக்கு மேல் தேவை. முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டாலும் அந்தத் தூரத்தில் பாதிக்கு முன்னே வெளிச்சம் ஓய்ந்துவிடும். அதாவது சாலையில் ஒருவர் கண்ணில் படும்போது, அவரை இடிக்காமல் நிறுத்தும் வாய்ப்பு ஏற்கனவே முடிந்துபோயிருக்கிறது. தனுஷ்கோடிச் சாலையை இளைஞர்கள் இதே ஆசையோடு பார்க்கிறார்கள். 2017-இல் திறக்கப்பட்ட நாள் முதல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை அந்தச் சாலையை மணல் மூடுவதும் அள்ளுவதும் ஓயாமல் நடக்கிறது. இரண்டு பக்கமும் கடல், கரையில் கல். வண்டி வழுக்கினால் போக வேறு இடமில்லை.

3. "நாங்கள் ஓட்டத் தெரிந்தவர்கள்." அப்படியே இருக்கட்டும். இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஓட்டியவர்களைவிடத் தெரிந்தவர்களா? 1927-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் பிரெஷ்யாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் ஆயிரம் மைல், முழுக்கப் பொதுச் சாலையில். 1955-இல் ஸ்டெர்லிங் மாஸ் சராசரியாக மணிக்கு 157 கிலோமீட்டர் வேகத்தில் அதை முடித்தார். போலீஸ் உண்டு, அரசின் அனுமதி உண்டு, வழியில் இருந்த ஒவ்வோர் ஊருக்கும் முன்னறிவிப்பு உண்டு. 1957 மே 12 அன்று குயிடிசோலோ என்ற ஊருக்கு அருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டியவரும் கூட இருந்தவரும் இறந்தார்கள். சாலையோரம் நின்றிருந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். வேகப் பந்தயமாக மில்லே மிலியா அதோடு முடிந்தது. வெடிக்கும் டயர் ஓட்டுகிறவனின் திறமையை விசாரித்துவிட்டு வெடிப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்று நின்றது. அந்தக் காணொளியைப் பார்க்காத தமிழர் குறைவு. அவர் இறங்கி நடந்தார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அவரைக் காப்பாற்றியவை காருக்குள் இருந்த இரும்புக் கூண்டும், ஹெல்மெட்டும், மோதலை வாங்கிக்கொள்ளவே கட்டிய தடுப்பும், எதிரில் வேறு வண்டி வராத தடமும். ஈசிஆரில் அந்த இடத்தில் ஒரு புளியமரமோ மைல் கல்லோ டீக்கடையோ இருக்கும். பந்தயத் தடத்தின் மதிப்பு அதன் தாரில் இல்லை. தாருக்கு வெளியே, தவறு செய்தவனுக்காக விட்டிருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது.

தடத்தில் சாவே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. 2023-இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவனும் இறந்தார்கள். அதை மூடி மறைப்பது இந்த விளையாட்டுக்கு நன்மை செய்யாது. அந்த வயதில் பந்தயத்துக்கு விடலாமா என்ற கேள்வியைச் சங்கங்கள் இன்னும் கடுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அத்தனை மார்ஷல்களும் டாக்டரும் ஆம்புலன்ஸும் இருந்தே உயிர் போகும் என்றால், எதுவுமே இல்லாத சாலையில் ஓட்டுவதற்கு அது எப்படி வாதமாகும்? அது எங்கள் பக்கத்து வாதம்.

4. இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தினால் சாலை மூடிவிடுமா? முனை இரண்டு என்று எண்ணுவது வரைபடத்தைப் பார்த்து எண்ணுவது. உப்பளத்துக்குப் பிரியும் மண் பாதை, பனங்காட்டு ஒற்றையடி, குடியிருப்புச் சந்து, கண்மாய்க் கரை எல்லாமே இந்தச் சாலையின் முனைகள். மேலும், செல்போனோடு நிற்கும் உங்கள் நண்பருக்கு மீன் வண்டியை நிறுத்த என்ன உரிமை? அவர் நிற்க மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்? பிரசவத்துக்குப் போகும் ஆட்டோ வந்தால்? அடிபட்டால் எங்கே கொண்டுபோவது என்று யோசித்தீர்களா? ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாயல்குடியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல்.

டிராக் டே அன்று நடப்பவை வேறு. காலையில் ஒவ்வொரு வண்டியையும் ஆள் வைத்துச் சோதிப்பார்கள்: டயர், பிரேக் பேடு, பேட்டரிக் கட்டு, ஆயில் கசிவு. தண்ணீர் பாட்டில் முதல் மிதியடி வரை அசையும் பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஹெல்மெட் இல்லாதவன் உள்ளே போக முடியாது. பிறகு கொடிப் பாடம். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழி விடு. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாகத் திரும்பு. புதியவர், பழகியவர் என்று பிரித்து, பதினைந்து இருபது நிமிடம் வீதம் விடுவார்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவன் கை காட்டினால்தான். கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைத்து பிரேக்கை ஆறவிட வேண்டும், ஏனென்றால் நாள்பட்ட பிரேக் ஆயிலில் நீர் ஏறியிருந்தால் அது கொதித்து பெடல் தரையோடு போய்விடும். நம் வண்டி எங்கே கைவிடும் என்பதை ஒருவன் கற்றுக்கொள்வது அங்கேதான். நேர்ச்சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு போவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

5. "மாட்டுவண்டிப் பந்தயம் ரோட்டில்தானே ஓடுகிறது?" இதைத்தான் எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞர்கள் கடைசி அம்பாக விடுகிறார்கள். இந்த அம்பு விட்டவர்களையே திருப்பித் தைக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிய பந்தயம். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு உண்டு; போக வர எத்தனை மைல் என்பது முன்பே தெரியும்; எல்லைக்கோடு, கொடி, நடுவர், போலீஸ் எல்லாம் உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததை 2017-இல் சட்டத் திருத்தம் மூலம் மீட்டு, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வில் செல்லும் என்று தீர்ப்பு வாங்கும் வரை அந்த விளையாட்டின் ஆட்கள் ஓயவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் உரிமையைக் காத்துக்கொண்டார்கள். மாடு ஓடும் வேகத்துக்கு எல்லை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பந்தயங்களிலும் ஆபத்து எங்கே என்றால், வண்டிகளுக்குப் பின்னே கூச்சலிட்டுக்கொண்டு பறக்கும் பைக்குகளில். ஒழுங்கு இல்லாத பகுதியைப் பார்த்துக் காப்பியடிக்கிறோம், ஒழுங்காக நடக்கும் பகுதியை விட்டுவிடுகிறோம்.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடந்த இரவு நேரக் கார் பந்தயத்தையும் உதாரணம் காட்டுகிறார்கள். மூன்றரை கிலோமீட்டர்ச் சுற்று, நகரச் சாலைதான். ஆனால் இருபுறமும் கான்கிரீட் தடுப்பு, அதன்மேல் கம்பி வலை. உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்று வரும் வரை உயர் நீதிமன்றம் ஓட்ட விடவில்லை. முதல் நாள் அட்டவணையே அதனால் குலைந்தது. அந்தப் பந்தயத்துக்கு அரசு செலவழித்தது சரியா என்பது தனி விவாதம். சாலையைத் தடமாக மாற்ற எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

6. சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதையும் அனுமதிப்பதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை, மறுமுறை ஓராண்டுச் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை போகலாம். யாராவது இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை. இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்கிறவர் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும்: பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கும். தடத்திலும் இதே நிலைதான். அங்கே தெரிந்து, கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறோம். மாரியூர்ச் சாலையில் அடிபட்டவரின் குடும்பம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

7. மிச்சமிருப்பது தூரமும் காசும். இந்த ஒரு குறையை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே குறை நம் முன்னோடிகளுக்கும் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஊர்ச் சாலையைப் பிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சும்மா கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தைக் கேட்டு வாங்கியது. பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுவதும் அங்கே திரண்டது. பிறகு அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர்த் தடம் கட்டி 1990-இல் திறந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினைப் போட்டு மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்த பின் செட்டிப்பாளையத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் வளர்ந்தது இப்படிக் கட்டிய இடங்களில்தான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். 1948-இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ அங்கே ஓடியது.

நம் பக்கம் அப்படி இடமே இல்லையா? உச்சிப்புளி ஓடுதளம் கடற்படையின் பருந்து தளம், அதைக் கேட்க முடியாது. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் கயத்தாறு, காரைக்குடிக்கு அருகே செட்டிநாடு என்று போர்க்காலத்து ஓடுதளங்கள் தெற்கிலேயே இருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குக் கேட்கலாம். 189-ஆம் பிரிவு தடையை மட்டும் சொல்லவில்லை, ஒப்புதல் என்ற வழியையும் அதே வரியில் சொல்கிறது. ஏதாவது ஒரு கார் சங்கம் அந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டு, கதவு மூடியிருக்கிறது என்று திரும்பியிருந்தால் அவர்கள் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்வேன்.

அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒரு கல்லூரி மைதானமோ மில் வளாகமோ கிடைத்தால் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து ஆட்டோகிராஸ் நடத்தலாம். இரண்டாவது கியரைத் தாண்டாது, வேகம் 60-ஐத் தொடுவதே அபூர்வம். ஆனால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் எடை மாறுவதும் ஈசிஆரில் நூறு காலை ஓட்டினாலும் தெரியாத அளவுக்குப் புரியும். பழைய ஆல்டோ வைத்திருப்பவன் பெரிய காரைத் தோற்கடிப்பதும் அங்கேதான் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இருபது பேர் சேர்ந்து செட்டிப்பாளையத்தில் ஒரு நாளைப் பங்கு போட்டு எடுக்கலாம். ஓர் ஆடம்பர அலாய் வீல் செட்டுக்குச் செலவழிக்கிற கை இதற்கு மட்டும் ஏன் சுருங்குகிறது?

ஓடுதளத்துக்கான மனுவில் எழுத வேண்டியது அதிகமில்லை. எத்தனை வண்டி, என்ன தேதி, யார் மருத்துவர், எத்தனை தீயணைப்புக் கருவி, பார்வையாளர் எங்கே நிற்பார்கள், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பிலிருந்து யார் மேற்பார்வை. இதை மாவட்ட ஆட்சியரிடமும், இடத்தின் பொறுப்பில் இருக்கும் துறையிடமும் நேரில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு, அதற்கு வரிக்கு வரி பதில் எழுதி, மறுபடியும் கொடுக்க வேண்டும்.